வரப்புக்காரன்

(காவிரிப் பாசனப் பகுதிக் கிராமம் ஒன்றில், வாசகசாலை ஆண்டுவிழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



வாசகசாலை விழாவில் பேச வருகிறவன் ஒரு காவியத்தின் நயத்தைப் பற்றியோ, ஒரு புலவரின் பெருமையைப் பற்றியோ, தேசத் தொண்டைப் பற்றியோ பேசுவதுதான் நம் நாட்டு வழக்கம். அந்த வழக்கத்தினின்று விலகி, உங்கள் வயல் வரப்பிலும் வைக்கோற்போரிலும் வாழும் ஒரு ஜீவனாகிய சாரைப்பாம்பைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். விழாக் குழுவினர் மனமுவந்து இசைந்தார்கள். அவர்களுக்கு முதற்கண் என் நன்றி. அறியாததை அறியச் செய்வதே வாசகசாலையின் தர்மம். நாள்தோறும் கண்ணால் கண்டும் அறியாமலே விட்டுவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவதும் அந்தத் தர்மத்துக்கு உட்பட்டதே என்று கருதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தை மாதத்து அறுவடை முடிந்து, களத்தில் அடுக்கியிருந்த கதிர்க்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அடியிலிருந்த கட்டுகளைப் புரட்டியபோது, என் உயரத்தைக் காட்டிலும் நீளமான, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறமுடைய பாம்பு ஒன்று வெளிப்பட்டு, வாய்க்காலை நோக்கி விரைந்தது. “பாம்பு, பாம்பு!” என்று முதலில் கூவியவன் நான்தான். என் குரல் கேட்டுப் பத்துப் பேர் தடிகளோடு ஓடிவந்தார்கள். வாய்க்காலுக்கு இரண்டு கஜ தூரத்தில் அந்தப் பாம்பு அடிபட்டு மாண்டது. எல்லாரும் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். எங்கள் நிலத்தில் நெடுங்காலம் பாடுபட்ட ஒரு முதியவர் மட்டும் பாராட்டவில்லை. அவர் மெல்ல நடந்து வந்து, குனிந்து, அதன் உதட்டோரத்துக் கறுப்புக் கோடுகளை எனக்குச் சுட்டிக் காட்டினார். பிறகு அதன் வயிற்றில் உருண்டிருந்த புடைப்பைக் காட்டினார். அது எலி. “இது விசமில்லாத சாரை, தம்பி. வரப்புக்காரன். இந்த நெலத்துக்கு நமக்கு முன்னாடியே பட்டா வாங்குனவன்” என்றார். வேறொன்றும் சொல்லாமல், மண்வெட்டியை எடுத்து, வரப்பு மூலையில் குழி பறித்து அதைப் புதைத்தார்.

அந்த வார்த்தையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பாம்புக்கு ஏது பட்டா என்று நினைத்தேன். பின்னாளில் இயற்கை நூல்களைப் படித்தும், வயல்களில் அலைந்தும், பாம்பு பிடிப்போரோடு பழகியும் நான் தெரிந்துகொண்டவற்றையெல்லாம் ஒன்று திரட்டிப் பார்த்தால், அவை அனைத்தும் அந்த முதியவரின் ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட விரிவுரையாகவே எனக்குத் தோன்றுகின்றன. இன்று உங்கள் முன் வைக்கப் போவதும் அந்த விரிவுரையைத்தான்.

முதலில் இந்த ஜீவனின் வடிவத்தைச் சொல்கிறேன். வளர்ந்த சாரை சாதாரணமாக ஆறு ஏழு அடி நீளம் இருக்கும். பத்தடியைத் தாண்டியவையும் உண்டு. நிறம் ஒன்றென்று சொல்ல முடியாது. வெளிர்மஞ்சள், பழுப்பு, பசுமை தோய்ந்த சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு என்று இடத்துக்கு இடம் வேறுபடும். அதனால்தான் நம் மக்கள் மஞ்சள் சாரை என்றும் கருஞ்சாரை என்றும் பிரித்து வழங்குகிறார்கள். உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குக் கோடுகள் வலை பின்னியதுபோல் ஓடும். தலை நீண்டிருக்கும், கழுத்து ஒடுங்கித் தலையினின்று தெளிவாகப் பிரிந்து தெரியும். கண்கள் மிகப் பெரியவை, கண்மணி வட்டமானது. பகலில் இரை தேடுகிற ஜாதிக்கு ஏற்ற கண்கள் அவை. நச்சுப் பல்லென்று அதன் வாயில் ஒன்றும் கிடையாது. பின்னோக்கி வளைந்த சிறு பற்கள் மட்டுமே உண்டு. பிடித்தால் கடிக்கும், கடித்தால் இரத்தம் கசியும், ஆனால் விஷம் ஏறாது.

இதற்குச் சாஸ்திர முறைப்படி பெயரிட்டவர் ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ். 1758-ஆம் ஆண்டில் அவர் இட்ட பெயரின் பிற்பகுதி இன்றும் நிலைத்திருக்கிறது; ‘ட்யாஸ் மியூகோசா’ என்பது இப்போதைய வழக்கு. மியூகோசா என்றால் வழவழவென்று சளி படர்ந்தது என்று பொருள். உண்மையில் சாரையின் தோலில் வழவழப்பே கிடையாது; உலர்ந்து, சுத்தமாக, பனையோலையைத் தடவினாற்போல் இருக்கும். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை நேர்ந்துவிட்ட பிராணி இது. அதன் பிறகு மனிதர் அதன்மேல் சுமத்திய பிழைகளை நோக்க, இந்தப் பெயர்ப் பிழை மிகச் சிறியது.

இது வாழும் பரப்போ மிகவும் விசாலமானது. மேற்கே ஈரானின் கிழக்குப் பகுதி, துருக்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் தொடங்கி, பாரத நாடு முழுவதும் பரவி, தெற்கே இலங்கையிலும், வடக்கே நேபாளத்திலும், கிழக்கே மியான்மர், தாய்லாந்து வழியாகத் தென்சீனத்திலும் தைவானிலும், கடல் கடந்து ஜாவாத் தீவிலும் இது வாழ்கிறது. இத்தனை தேசங்களையும் இணைக்கும் பொதுத்தன்மை என்னவென்று எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை நெல் விளையும் தேசங்கள் என்பது புலனாகும். நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் சாரை உண்டு. காடு, புதர், ஆற்றங்கரை, தோப்பு, மலைச்சரிவு எங்கும் அது வாழக்கூடியதே. ஆயினும் புலிக்கு அடர்காடு எப்படியோ, வரையாட்டுக்கு மலைமுகடு எப்படியோ, அப்படிச் சாரைக்கு உரிய இடம் எதுவென்று என்னைக் கேட்டால், உழுத வயலும் அதன் வரப்பும்தான் என்று சொல்வேன்.

இந்தக் காவிரிப் படுகையிலேயே அதன் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மேட்டூர் அணை திறந்து, வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் பாய்ந்து, வயல்கள் நிரம்பும்போது, தாழ்ந்த நிலத்து வளைகளில் நீர் புகுந்து எலிகள் வரப்புகளில் ஏறிக்கொள்கின்றன. சாரையும் வரப்புக்கு ஏறுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் குட்டைகளிலும் நாற்றங்கால் ஓரங்களிலும் தவளைகள் இரவு முழுதும் கத்துகின்றன. விடிந்ததும் சாரை நீரோரமாக ஊர்ந்து அவற்றைத் தேடுகிறது. அது நன்றாக நீந்தும். கதிர் பால் பிடித்து முற்றும் காலத்தில் எலிகள் பயிருக்குள் புகுந்து தண்டைக் கத்தரித்துக் கதிரை இழுத்துச் செல்கின்றன. சாரை அவற்றின் தடத்தைப் பின்பற்றி வளைவரை செல்கிறது. அறுவடையான பின் எலிகள் களத்துக்கும், வைக்கோற்போருக்கும், வீட்டுப் பத்தாயத்துக்கும் இடம் பெயர்கின்றன. சாரையும் பின்தொடர்ந்து நம் கொல்லைக்கு வந்துவிடுகிறது. மாசி பங்குனியில் தரிசாகக் கிடக்கும் வயல் வெடித்துப் பிளக்கும்போது, அந்த வெடிப்புகளும், எலி காலிசெய்த வளைகளும், கறையான் புற்றுகளும் வெயிலுக்கு அதன் புகலிடமாகின்றன. உழவனுடைய பஞ்சாங்கம் எதுவோ அதுவேதான் சாரையின் பஞ்சாங்கமும். நாம் விதைக்கிறோம், அது காத்திருக்கிறது. நாம் அறுக்கிறோம், அது நம்மோடு களத்துக்கு வருகிறது. அன்று கதிர்க்கட்டின் அடியில் நான் கண்ட பாம்பு வழிதவறி வந்ததன்று. அந்த மாதத்தில் அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

எலியின் பெருக்கத்தை உழவர்களாகிய உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சினைப்பட்டு மூன்று வாரத்துக்கெல்லாம் ஈனும். ஓர் ஈற்றில் ஆறோ எட்டோ, சில வேளை பத்துக்கு மேலுமோ குட்டிகள் பிறக்கும். இரண்டு மூன்று மாதங்களில் அந்தக் குட்டிகளும் ஈனத் தயாராகிவிடும். தின்பதோடு நிற்காமல் வளைக்குள் கதிர்களைச் சேர்த்தும் வைக்கும். எலி வளையைத் தோண்டி அதிலிருந்து நெல்லை மீட்டு உலையிலிட்ட ஏழைக் குடும்பங்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ! இந்த எலியை அடக்க நம் முன்னோர் மூங்கிலால் தஞ்சாவூர்க் கிட்டி செய்தார்கள். ஆந்தை வந்து உட்கார வயலில் கொம்பு நட்டார்கள். கிட்டி, வெளியே வரும் எலியைப் பிடிக்கும். ஆந்தை, இரவில் நடமாடும் எலியைப் பிடிக்கும். வளைக்குள்ளேயே நுழைந்து, தாயையும் கண் திறவாத குட்டிகளையும் ஒருசேர உண்ணக்கூடிய வேட்டையாளன் பாம்பு. மலைப்பாம்பைப்போல் இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் வழக்கம் சாரைக்கு இல்லை. தாடையால் கவ்விக்கொண்டு, உடலின் பாரத்தால் இரையைத் தரையோடு அழுத்தி, அடக்கி, அப்படியே விழுங்கிவிடும்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாரை எலியை மட்டும் உண்டு வாழ்வதில்லை. தவளை, ஓணான், பறவை முட்டை, குஞ்சு ஆகியவற்றையும் உண்ணும். சில சமயம் கோழிக்குஞ்சும் காணாமற் போகும். பூச்சிகளைத் தின்னும் தவளையும் உழவனுக்கு உதவுவதுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்குச் சேவகம் செய்வதற்காகச் சாரை படைக்கப்படவில்லை. அது தன் வயிற்றுக்காகவே வேட்டையாடுகிறது. அதன் வேட்டையில் பெரும்பங்கு நமக்கு நன்மையாக முடிகிறது என்பதே சரியான கணக்கு. இந்தக் கணக்கை மிகைப்படுத்தாமல் ஏற்றுக்கொண்டால்தான் நம் அன்பும் நிலைத்திருக்கும்.

அன்றியும், தானும் பிறர்க்கு இரையாவதாலும் சாரை இந்தப் பிரபஞ்ச ஒழுங்கில் ஓர் இடத்தை வகிக்கிறது. கழுகும் மயிலும் கீரியும் அதைக் கொல்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகம், மற்றப் பாம்புகளையே முக்கிய ஆகாரமாகக் கொண்டது. அதன் உணவில் சாரைக்குப் பெரிய இடம் உண்டு. ஆகவே மலையடிவாரத்துத் தோட்டங்களில் சாரை குறையுமானால், காட்டின் அரசனுடைய பந்தியிலும் குறை நேரும்.

இனி, இந்தப் பிராணியைப் பற்றி நம் மக்களிடையே வழங்கும் சில நம்பிக்கைகளை விசாரிப்போம். அவற்றை மூடநம்பிக்கைகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் கண்ணால் கண்ட காட்சியிலிருந்து பிறந்தது. காட்சி மெய், அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை.

சாரை மாட்டின் கால்களைப் பின்னிக்கொண்டு பாலைக் குடித்துவிடும் என்பது ஒன்று. மாட்டுக்கொட்டிலில் தவிடும் பிண்ணாக்கும் வைக்கோலும் இருக்கின்றன. அவற்றைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிச் சாரை வருகிறது. விடியற்காலையில் பால் கறக்கச் செல்பவர் பசுவின் காலடியில் பாம்பைக் காண்கிறார். அன்று பால் சற்றுக் குறைந்திருந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார். பாலை உறிஞ்சுவதற்குக் கன்றுக்கு இருப்பதுபோன்ற மெல்லிய உதடும் கன்னமும் வேண்டும். பாம்புக்கு அவை இல்லை. வளைந்த கூரிய பற்கள் மடியில் பட்டால் எந்தப் பசுவும் பொறுத்து நிற்காது.

வாலால் அடித்தால் அடிபட்ட அங்கம் அழுகிவிடும் என்பது மற்றொன்று. சாரையின் வால் நீளமானது. மொத்த நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுதான். பிடிபட்ட சாரை விடுபடத் திமிறும்போது அந்த வாலைச் சாட்டைபோல் சுழற்றுகிறது. அதைக் கண்டவர்கள் வாலில் ஏதோ ஆயுதம் இருப்பதாக நினைத்தார்கள். வாலில் முள்ளும் இல்லை, விஷமும் இல்லை.

நாகமும் சாரையும் பிணையும் என்பதும், சாரைதான் நாகத்தின் ஜோடி என்பதும் மூன்றாவது நம்பிக்கை. இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஜாதிகள். கலப்பு நிகழ வழியில்லை. ஒரே வரப்பில், ஒரே புற்றில், ஒரே எலியைத் தேடி இரண்டும் திரிவதால் இந்த எண்ணம் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் காட்சி எத்தகையது என்று அறிந்தால், நீங்கள் என்னைப்போலவே வியப்படைவீர்கள்.

கோடையின் தொடக்கத்தில், திறந்த வெளியில், இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிய வடம்போலப் பின்னிக்கொண்டு, உடலின் முன்பாதியைத் தரையினின்று உயர்த்தி, ஆடுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். ஊரே திரண்டு நின்று பார்க்கும். யாராவது ஒருவர் புதுத் துணியைக் கொண்டுவந்து அவற்றின்மேல் போர்த்தி எடுத்து, செல்வம் பெருகும் என்று பூஜை அறையில் வைத்துக்கொள்வதும் உண்டு. அதைச் சேர்க்கை என்றே எல்லாரும் கருதுகிறார்கள். ஆனால் அங்கே பின்னி நிற்கும் இரண்டும் ஆண் சாரைகள், நடப்பது போர். ஒன்று மற்றொன்றின் தலையைத் தன் கழுத்தால் கீழே அமுக்கப் பார்க்கிறது. அமுக்கப்பட்டது வழுக்கி மீண்டும் எழுகிறது. இவ்வாறு நெடுநேரம் பொருது, இறுதியில் பலம் குறைந்தது தன் தோல்வியை ஏற்றுக்கொண்டு விலகிப் போகிறது. இத்தனைக்கும் ஒன்று மற்றொன்றைக் கடிப்பதில்லை. உயிரைப் போக்காமல் வலிமையைத் தீர்மானிக்கும் இந்தப் போர்முறையை, பேசவும் எழுதவும் தெரிந்த நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை எண்ணும்போது, அந்தத் துணியைப் போர்த்தியவரின் பக்தி இடம் தவறிச் செலுத்தப்பட்டதென்று எனக்குத் தோன்றவில்லை. வணங்கத்தக்க ஒன்றைத்தான் அவர் கண்டார், அதன் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார்.

போர் முடிந்து, இணை சேர்ந்த பின், பெண் சாரை வளையிலோ புற்றிலோ உக்கிய மரப்பொந்திலோ பத்துக்குச் சற்று முன்பின்னாக முட்டைகள் இடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவை பொரிந்து, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குஞ்சுகள் வெளிவரும். தாயின் போஷணை எதுவுமின்றி, பிறந்த நாள் முதல் அவை தாமே இரை தேடவேண்டும். பருந்துக்கும் கீரிக்கும் தப்பி முழு வளர்ச்சி பெறுபவை சிலவே. ஆகவே ஆறடிச் சாரை ஒன்றை நாம் அடித்துக் கொல்லும்போது, ஆண்டுக்கணக்கான அபாயங்களையெல்லாம் வென்று வந்த ஓர் உயிரை ஒரு நொடியில் இல்லாமற் செய்கிறோம்.

அப்படியானால் பாம்பைக் கண்டு பயப்படவே கூடாதா என்று தாய்மார்கள் கேட்கலாம். அந்தப் பயத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டுபோகிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. மாண்டவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல் கிராமங்களில் வாழ்பவர்கள். இந்தச் சாவுகளுக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு ஜாதிகளே பெரும்பாலும் காரணம். இந்தியாவில் வாழும் பாம்பு ஜாதிகளோ 300-க்கு மேற்பட்டவை. நாலைந்து பேர் செய்த குற்றத்துக்காக ஊரையே தூக்கிலிடுவது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது அல்லவா? ஆகவே நமக்கு வேண்டியது துணிச்சல் அன்று, பிரித்தறியும் ஞானம்.

இந்த ஞானத்தைத் தேடியவர்களில் ஒருவர், இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பணியாற்றிய வைத்தியர் பாட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் அவர் வெளியிட்ட பெருநூல், எது நச்சுடையது, எது நச்சில்லாதது என்று சாதாரண மனிதன் எப்படி அறிவது என்ற கவலையோடு எழுதப்பட்டது. அந்தக் கவலை இரு நூற்றாண்டுக்குப் பிறகும் தீரவில்லை. நாகத்துக்கும் சாரைக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமாவது இன்று நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். நாகத்தின் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். சாரையின் கழுத்து ஒடுங்கித் தலை தனித்துத் தெரியும். சாரையின் கண் பெரிது. மேலுதட்டிலும் கீழுதட்டிலும் மையால் கீறினாற்போல் செங்குத்தான கறுப்புக் கோடுகள் காணப்படும். நாகத்துக்கு அவை இல்லை. சாரையின் வால் நீண்டு, சாட்டை நுனிபோல் மெலிந்து முடியும். மடக்கப்பட்டால் நாகம் படம் விரிக்கும். சாரைக்குப் படமில்லை, ஆனால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, உப்பி, உறுமுவதுபோல் ஓர் ஒலி எழுப்பும். அந்த உறுமலைக் கேட்டு அஞ்சி அடிப்பவர்கள் பலர். அது தாக்க வருவதன் அறிகுறி அன்று. ஓட வழியில்லாத ஒன்றின் கடைசி முறையீடு. வழி விட்டால் அது ஓடிவிடும்.

ஆயினும், ஐயமிருந்தால் எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால், குழந்தைகளை அப்புறப்படுத்தி, எட்ட நின்று அதன்மேல் கண் வைத்திருந்து, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்புங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும், சாரையோ வேறெதுவோ என்று விவாதித்துக்கொண்டிராமல், கீறாமல், இறுகக் கட்டாமல், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருணை வேறு, கவனக்குறைவு வேறு.

நம் தமிழ்நாட்டில் இந்த ஞானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு சமூகம் உண்டு. இருளர்களைத்தான் சொல்கிறேன். மண்ணில் பதிந்த தடத்தையும், உரிந்து கிடக்கும் சட்டையையும், வளையின் வாயில் மண் வழவழப்பாகியிருப்பதையும் பார்த்து, உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு காலத்தில் அவர்களுடைய வித்தை முழுவதும் தோல் வியாபாரத்துக்கே பயன்பட்டது. கைப்பையும் இடைவாரும் பாதரட்சையும் செய்வதற்காகச் சாரையின் தோலும் நாகத்தின் தோலும் கடல் கடந்து சென்றன. நீளமும் அகலமும் உள்ள சாரைத்தோலுக்கு நல்ல கிராக்கி இருந்தது. பிடித்த இருளருக்குக் கிடைத்ததோ சில்லறைக் காசு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாம்புகள் பிழைத்தன, இருளர்களின் பிழைப்புப் போயிற்று. அந்நிலையில், 1969-இல் சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவியவரான ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் துணையோடு, 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கொல்வதற்காகப் பாம்பைப் பிடித்த அதே கைகள், நச்சை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பை மீண்டும் விடுவதற்காகப் பிடிக்கத் தொடங்கின. அந்த நஞ்சிலிருந்துதான் உயிர் காக்கும் மாற்றுமருந்து தயாராகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கி இந்த நாடு அந்த வித்தையைக் கௌரவித்தது. அறிவு அதேதான், அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற நோக்கம் மாறியது, அவ்வளவே.

சட்டம் தோல் வியாபாரியிடமிருந்து சாரையைக் காத்துவிட்டது. இன்று அதற்குள்ள ஆபத்துகள் வேறு. எலிக்கு வைக்கும் நஞ்சு, எலியைத் தின்ற பாம்பையும் ஆந்தையையும் சென்று சேர்கிறது. எலி சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பத்து முட்டையிடும் பாம்பு அவ்வளவு விரைவில் மீளாது. தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் நைலான் வலையில் நுழையும் சாரை, செதில் சிக்கி, முன்னும் செல்ல முடியாமல் பின்னும் வர முடியாமல், வெயிலில் காய்ந்து சாகிறது. வரப்புகள் சிமெண்டுச் சுவராகின்றன. குட்டைகள் தூர்ந்து மனைக்கட்டுகளாகின்றன. வயலை இரண்டாகப் பிளந்து செல்லும் சாலையில், வெயில் காய வந்த பாம்பு சக்கரத்தில் நசுங்குகிறது. இவற்றுள் எதுவும் சாரையின்மேல் கொண்ட பகையால் செய்யப்படுவதன்று. அது அங்கே இருப்பதே நம் நினைவில் இல்லை. அதனால் நேர்பவை இவை.

புலிக்குச் சரணாலயம் அமைக்கலாம். யானைக்கு வழித்தடம் ஒதுக்கலாம். சாரைக்கு அப்படி ஒரு காட்டை வேலியிட்டுக் கொடுத்துவிட்டு நம் கடமை தீர்ந்ததென்று இருக்க முடியாது. அதன் காடு நம் வயல். அதன் குகை நம் வரப்பு. அதன் நீர்நிலை நம் வாய்க்கால். அது பிழைப்பதும் அழிவதும் எந்தத் தலைநகரத்திலும் தீர்மானிக்கப்படுவதில்லை. இந்த ஊர்க் களத்துமேட்டில், கையில் தடியோடு ஓடிவரும் பத்துப் பேரும், முதலில் கூவும் ஒரு சிறுவனும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் புற்றுக்குப் பால் வார்க்கும் தாய்மார்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். பாம்புக்குப் பால் ஆகாரமன்று என்றாலும், அந்தப் பாலுக்குப் பின்னால் இருக்கும் பரிவை நான் வணங்குகிறேன். அந்தப் பரிவில் ஒரு பங்கை, எந்தக் கோயிலும் எழுப்பப்படாத, எந்தப் பிரார்த்தனையும் வந்து சேராத இந்தச் சாரைக்கும் தரவேண்டும் என்பதே என் விண்ணப்பம். வரப்பை வெட்டும்போது பழைய வளை ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். வலையை அறுவடை முடிந்ததும் சுருட்டி வையுங்கள். கிட்டி வைக்க முடிந்த இடத்தில் நஞ்சு வைக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்களில் ஒருவர் களத்திலோ கொல்லையிலோ நீண்ட பாம்பு ஒன்றைக் காணக்கூடும். அப்போது பயம் வரும், வரட்டும். எட்டி நின்று, கூவுவதற்கு முன் ஒரு கணம் அதன் கழுத்தையும் உதட்டையும் பாருங்கள். அந்த ஒரு கணத்தை எனக்குப் பத்து வயதில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்த முதியவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் பறித்த குழி இருந்த வரப்பு மூலையை எங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இன்றும் பார்த்துவிட்டு வருகிறேன். சென்ற ஆண்டு, நாற்று நட்டுச் சில நாட்கள் ஆகியிருந்த காலையில், அந்த மூலையருகே ஈர மண்ணில் நீண்ட தடம் ஒன்று வாய்க்காலை நோக்கிச் சென்றிருந்தது. அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தேன்.